கல்ச்சர் ரிப்போர்ட் முழுக்க 'ஆர்': அப்பாவுக்கு இனி மருந்தே இல்லையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, ஆபரேஷன் ஆகி, இருபது நாளாக ஐசியூவில் இருக்கிறார். தொண்டையில் ஓட்டை போட்டு வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்ததும் சளியைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) அனுப்பினார்கள். 'கிளெப்சியெல்லா' என்ற கிருமியாம். ரிப்போர்ட்டில் பதினாறு மருந்துகளின் பெயர். பதினைந்துக்கு நேராக 'ஆர்'. கோலிஸ்டின் என்ற ஒன்றுக்கு மட்டும் 'ஐ'. அதைப் போட்டு நான்கு நாளில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-லிருந்து 2.3 ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியின் அலட்சியம்தான் காரணம், சென்னைக்குக் கொண்டுபோய்விடலாம் என்கிறான் அண்ணன். அப்பா சளி, ஜுரம் என்றாலே மெடிக்கலில் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வார். அதனால் வந்த வினையா? இதைவிட விலை கூடிய மருந்து இருக்கிறதா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே கேள்விகளோடு ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. நான் சொல்வதும் அவர் கட்டிலருகே நிற்கும் டாக்டர் சொல்வதும் முரண்பட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'ஐ'. 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது, 'ஐ' இரண்டுக்கும் நடுவில். அதனால் கோலிஸ்டினும் அரைகுறை மருந்துதான் போலிருக்கிறது என்று பயந்திருக்கிறீர்கள். விஷயம் வேறு. நம் ஊர் லேப்களில் பலவும் பின்பற்றுவது சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்க அமைப்பின் அளவுகோலை. அது 2020-ல் கோலிஸ்டினுக்கு 'எஸ்' என்ற பிரிவையே எடுத்துவிட்டது. இந்த மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் இனி ரிப்போர்ட்டில் 'ஐ'தான் வரும். பரீட்சையில் அதிகபட்ச மார்க்கே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் எடுத்தார்கள் என்றால், லேபில் கிருமியைக் கொல்கிற அளவுக்கு இந்த மருந்து நோயாளியின் உடம்பில், குறிப்பாக நுரையீரலில், போய்ச் சேருவதில்லை என்பதால். அதனால்தான் சில டாக்டர்கள் ஊசியோடு சேர்த்து மூச்சில் இழுக்கும் புகையாகவும் கொடுக்கிறார்கள்.

கோலிஸ்டின் புது மருந்தும் இல்லை. 1949-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டிவிட்டார்கள். மற்ற மருந்துகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தோற்கத் தொடங்கியதும் பரணில் போட்ட பாத்திரத்தை இறக்கிக் கழுவிப் புழங்குவதுபோல அதை மறுபடி எடுத்தோம். (இதையே கோழிகள் சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.) எனவே கிரியாட்டினின் ஏறியது எதிர்பாராத விபத்து கிடையாது, இந்த மருந்தின் பழைய குணம். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு: இப்போதைய கிரியாட்டினினுக்கு ஏற்றபடி டோஸை மாற்றியாகிவிட்டதா? சிறுநீரகத்தைச் சற்றுக் குறைவாகப் படுத்தும் பாலிமிக்சின் பி என்ற அதன் உடன்பிறப்புக்கு மாற முடியுமா?

இவை எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. அந்தக் கிருமி அப்பாவை நோயாளியாக்கியிருக்கிறதா, சும்மா குடியிருக்கிறதா?

தொண்டையில் டியூப் இருக்கிற யாருடைய சளியை எடுத்துக் கல்ச்சர் செய்தாலும் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டால் ஏதோ ஒன்று வளரத்தான் செய்யும். டியூபின் உட்சுவரை ஒருமுறை வெட்டிப் பார்த்திருக்கிறேன். குளத்துப் படிக்கட்டில் பாசி பிடித்ததுபோல வழவழவென்று ஒரு படலம். அதற்குள் கோடிக்கணக்கில் கிருமிகள். எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்குள் சரியாக நுழையாது. யூரின் டியூபும் அப்படித்தான். ஒரு மாதம் இருந்தால் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வளரும். இது நோய் கிடையாது. வீட்டுத் திண்ணையில் ஒருவன் வந்து படுத்திருக்கிறான், அவ்வளவுதான். உள்ளே நுழைந்து பாத்திரத்தை உடைக்கிறானா என்றுதான் பார்க்க வேண்டும்.

உடைக்கிறான் என்பதற்கு அடையாளம் உண்டு. எக்ஸ்ரேயில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு. ஆக்சிஜன் முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது. சளி கெட்டியாகி நிறம் மாறுவது. பிபி இறங்கி அதைத் தூக்கி நிறுத்த மருந்து ஓடுவது. ரத்தக் கல்ச்சரிலும் அதே கிருமி வருவது. இவற்றில் சில சேர்ந்து இருந்தால் சிகிச்சை அவசியம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத கட்டமும் உண்டு. இவை ஒன்றுமில்லாமல் காய்ச்சலும் ரிப்போர்ட்டும் மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்குக் கிருமியே இல்லாமல் மூளை காரணமாகவும் காய்ச்சல் வரும். ரிப்போர்ட்டில் இருக்கும் கிருமிக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டு, நோயாளிக்கு நோய் இருக்கிறதா என்று அப்புறம் யோசித்த நாட்கள் எனக்கும் உண்டு. சிறுநீரகம் கெட்டதுதான் மிச்சம். உங்கள் அப்பாவுக்கு நிமோனியாவே வந்திருக்கலாம். அவருடைய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

சரி, எங்கிருந்து வந்தது? அண்ணனின் கோபத்துக்கு நேரடியான பதில்: பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் தொற்றியிருக்கும். பன்னிரண்டாம் நாள் வந்தது வீட்டிலிருந்து கொண்டுவந்த நிமோனியாவாக இருக்காது. ஆனால் 'ஆஸ்பத்திரியில் வந்தது' என்பதும் 'ஆஸ்பத்திரி செய்த தவறு' என்பதும் ஒன்றாகிவிடாது. கிளெப்சியெல்லா நம்மில் பலர் குடலிலும் சாதாரணமாக இருக்கிற கிருமி. நோயாளிக்குப் போடும் ஆன்டிபயாடிக் சாதுவான கிருமிகளை எல்லாம் துடைத்துவிடும். அடங்காத ஒன்று குடலின் மூலையில் இருந்தாலும், காலி மனையில் கருவேலம் முளைப்பதுபோல அது மட்டும் பெருகும். அங்கிருந்து வாய்க்கு, வாயிலிருந்து டியூப் ஓரமாக நுரையீரலுக்கு.

இன்னொரு வழி, கை. பல வருஷத்துக்கு முன் நான் வேலை செய்த ஒரு ஐசியூவில் அடுத்தடுத்த மூன்று கட்டில்களில் ஒரே அசினெட்டோபேக்டர். இதுவும் கிளெப்சியெல்லாவின் கூட்டாளிதான். காய்ந்த இடத்தில்கூட வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வென்டிலேட்டரைச் சந்தேகப்பட்டோம், தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்பட்டோம், ஒரு சிஸ்டரைக்கூடத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டோம். கடைசியில் கிடைத்தது எங்கே தெரியுமா? கையில் சுற்றிப் பிபி பார்க்கும் துணிப்பட்டையில். மூன்று பேருக்கும் ஒரே பட்டை. அதைத் துவைத்தவர் யாரும் கிடையாது, ஏனென்றால் துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான். அதற்கப்புறம் கட்டிலுக்கு ஒரு பட்டை என்று ஆனது.

அதனால் உங்கள் ஆஸ்பத்திரி எப்படி என்று தெரிய வேண்டுமானால் பளபளப்பான தரையைப் பார்க்காதீர்கள். பார்வையாளர் நேரத்தில் ஒரு கால் மணி நேரம் சும்மா நின்று கவனியுங்கள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது டாக்டரும் சிஸ்டரும் கையில் ஹேண்ட் ரப் தேய்த்துக்கொள்கிறார்களா? கிளவுஸை மாற்றுகிறார்களா, இல்லை ஒரே கிளவுஸோடு போனையும் எடுத்துப் பேசுகிறார்களா? தேய்க்காமல் வந்தால் 'டாக்டர், கை...' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நீங்களும் இதில் ஒரு கைதான். எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சி: வெள்ளிக்கிழமை கோயில் திருநீற்றுப் பொட்டலத்தோடு ஒருவர் வருவார். தன் அப்பா நெற்றியில் பூசிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரும் பாவம் என்று அவருக்கும், அடுத்தவருக்கும் பூசிவிட்டுப் போவார். எவ்வளவு நல்ல மனசு! ஆனால் அந்த ஒரு விரல் மூன்று நெற்றிகளைத் தொட்டுவிட்டது. உங்கள் அப்பாவுக்குப் பூசுங்கள், பூசுவதற்கு முன்னும் பின்னும் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள், அடுத்த கட்டிலுக்கு மட்டும் வேண்டாம். கட்டிலில் உட்காருவதும், டியூபைச் சரி செய்வதும் வேண்டாம்.

செஃபிக்சிம் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். மெடிக்கலில் அப்பா வாங்கிப் போட்ட மாத்திரைகள் அவர் குடலைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பதினைந்து 'ஆர்'களுக்கும் ஒரு தனி மனிதர் பொறுப்பாக முடியாது. செஃபிக்சிம் 'எச்1' அட்டவணையில் இருக்கிற மருந்து. 2014 மார்ச்சிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் யார் எழுதியது, யாருக்கு என்று தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் கேட்டிருந்தால் அப்பா சீட்டைத் தேடியிருப்பார். கேட்கவில்லை. அப்பாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்?

பட்டியல் முழுக்க 'ஆர்' வருவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கிருமிகள் எதிர்ப்பாற்றலைத் தனித்தனியாகக் கற்றுக்கொள்வதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன வளையமாக ஒன்றிடமிருந்து இன்னொன்று கைமாற்றாக வாங்கிக்கொள்கின்றன. ஒரே வளையத்தில் ஐந்தாறு மருந்துகளை முறியடிக்கும் குறிப்புகள் சேர்ந்தே இருக்கும். அப்படிக் கைமாறும் சரக்குகளில் பேர்போனது, மருந்தை உடைத்துப்போடும் என்டிஎம்-1 என்ற நொதி. டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் கிளெப்சியெல்லாவில் அதைக் கண்டுபிடித்து 2009-ல் வெளியிட்டார்கள். மறு வருஷம் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அந்த நொதி. பெயரில் 'நியூ டெல்லி' இருக்கிறதே (என்டிஎம்மில் 'என்டி' அதுதான்) என்று நாம் போட்ட சண்டையில் பாதியைக் கை கழுவுவதில் காட்டியிருக்கலாம். 

இந்த நொதியின் பெயர் உங்களுக்குப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் சொல்கிறேன். 'விலை கூடிய மருந்து இருக்கிறதா' என்றால், இருக்கிறது. செஃப்டாசிடிம்-அவிபேக்டம் என்று ஒன்று. அப்பாவின் கிருமியிடம் ஆக்ஸா-48 வகை நொதி மட்டும் இருந்தால் அது நன்றாக வேலை செய்யும். என்டிஎம் இருந்தால் தனியாகப் போட்டுப் பயனில்லை. அப்போது அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இங்கே ஒரு வேடிக்கை. ரிப்போர்ட்டில் அஸ்ட்ரியோனத்துக்கு நேராகவும் 'ஆர்' என்றுதான் இருக்கும். என்டிஎம்மால் அஸ்ட்ரியோனத்தை உடைக்க முடியாது. கூட இருக்கும் வேறு நொதிகள் உடைக்கும். அந்த மற்ற நொதிகளை அவிபேக்டம் கட்டிப்போடும். தனித்தனியாகத் தோற்ற இரண்டும் சேர்ந்தால் ஜெயிக்கின்றன. ஆகவே விலை கூடிய ஊசியை வாங்க நகையை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் கேளுங்கள்: எந்த நொதி என்று ஜீன் டெஸ்ட் செய்தாகிவிட்டதா? சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். அது தெரியாமல் வாங்குவது பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்குவது.

சென்னையில் பிறந்த மருந்து ஒன்றும் உண்டு. அங்கே ஆர்க்கிட் ஃபார்மா உருவாக்கிய என்மெட்டாசோபேக்டம், செஃபிபிம் என்ற மருந்தோடு சேர்ந்து 2024-ல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. பெருமையான விஷயம். ஆனால் என்டிஎம் நொதியை அதனால் அடக்க முடியாது. யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் ஏமாற வேண்டாம்.

சென்னைக்கு மாற்றலாமா? வென்டிலேட்டரில் இருப்பவரை ஆம்புலன்ஸில் மணிக்கணக்கில் கொண்டுபோவதே ஒரு ஆபத்து. கிருமியும் கூடவே வரும். போகிற இடத்திலும் கோலிஸ்டின்தான், பாலிமிக்சின்தான். இரவில் ஐசியூ டாக்டர் இல்லை, டயாலிசிஸ் வசதி இல்லை, கல்ச்சர் செய்ய நல்ல லேப் இல்லை என்றால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. டெஸ்ட் மட்டும்தான் இல்லையென்றால் சாம்பிளை அனுப்பலாம், அப்பாவை அனுப்ப வேண்டாம்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பது. மருந்து எது என்று கேட்பதில் காட்டும் அக்கறையில் பாதியை டியூபில் காட்டுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் ஒரு வேலை செய்தார்கள். பெரிய ரத்தக்குழாய்க்குள், பெரும்பாலும் கழுத்தில், போடும் 'லைன்' என்ற டியூபுக்கு ஐந்தே விதிகள்: கை கழுவு, முழுத் துணி போர்த்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை, தொடையில் போடாதே, தேவை முடிந்த அன்றே எடுத்துவிடு. 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றரை வருஷத்தில் லைன் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவது 66 சதவீதம் வரை குறைந்திருந்தது. புது மருந்து ஒன்றுகூட இல்லை.

தினமும் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்கள்: யூரின் டியூப் இன்னும் வேண்டுமா? கழுத்து லைன் எதற்காக இருக்கிறது, கையில் ஊசி போட்டால் போதாதா? இன்று எவ்வளவு நேரம் வென்டிலேட்டர் இல்லாமல் விட்டுப் பார்த்தீர்கள்? கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். தட்டையாகப் படுத்தால் வாய் எச்சில் நேராக நுரையீரலுக்குத்தான். மருந்தை எத்தனை நாள் என்றும் கேளுங்கள். 'இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துப் போடுங்க டாக்டர்' என்று சொல்லாதீர்கள். வென்டிலேட்டர் நிமோனியாவுக்குப் பலருக்கும் ஏழெட்டு நாள் போதும். ரத்தத்தில் கிருமி கண்டவர்களுக்கே, 3,608 பேரை வைத்துச் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், ஏழு நாள் மருந்து பதினான்கு நாளுக்குக் குறைந்ததாக இல்லை.

குழந்தைக்குப் பயம் வேண்டாம். ஆரோக்கியமான பிள்ளையை இது படுக்கையில் தள்ளாது. ஐசியூவுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, உடையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். அப்பா வீட்டுக்கு வந்தபின் தனித் தட்டு, தனி அறை எல்லாம் தேவையில்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறி உட்காரலாம். அவருடைய மலஜலத்தைத் தொட்டபின் கை கழுவினால் போதும். அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். என்ன மருந்து தொடங்குவது என்பது அதை வைத்து மாறும்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை எழுதிப் பேனாவால் அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'அப்பா பிழைப்பாரா?'

இதே கிருமியோடு வந்து, இரண்டு மாதம் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியான மருந்து கொடுத்தும் போய்விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பிபி மருந்து இல்லாமல் நிற்கிறதா, சிறுநீரகம் திரும்புகிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக மூளை எவ்வளவு தேறியிருக்கிறது, இவைதான் தீர்மானிக்கும். அந்தப் பதினைந்து 'ஆர்'கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் உங்கள் டாக்டர்தான். வராண்டாவில் நிற்க வைத்துக் கேட்டால் 'பார்ப்போம்' என்றுதான் சொல்வார். உட்கார்ந்து பேசப் பத்து நிமிஷம் கேளுங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் கேட்டு இன்னொருவரிடம் சொல்வதற்குள் பாதி மாறிவிடுகிறது.